எழுவாய் இல்லாத வாக்கியம்

'துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது.' இந்த வாக்கியத்தை வகுப்பில் பிரித்துப் பார்க்கச் சொல்வேன். 'சூடு' எழுவாய், 'நடத்தப்பட்டது' செயப்பாட்டு வினை. நடத்தியவரைச் சொல்லும் 'ஆல்' உருபேற்ற சொல் இல்லை. 'வந்தேன்' என்றால் விகுதியே 'நான்' என்கிற தோன்றா எழுவாயைக் காட்டிக் கொடுத்துவிடும். இங்கே அந்த வழியும் அடைபட்டிருக்கிறது. சுட்ட கையை வாக்கியத்துக்குள் எங்கே தேடினாலும் கிடைக்காது.

2018 மே மாதம் தூத்துக்குடியில் நடந்ததும் நம்மை இப்படித்தான் வந்தடைந்தது. எழுவாயோடு எழுதிப் பார்க்கிறேன்: ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையை எதிர்த்த போராட்டத்தின் நூறாவது நாளில், மே 22 அன்று, காவல்துறையினர் மக்களைச் சுட்டார்கள். அந்தத் துப்பாக்கிச் சூடுகளில் 13 பேர் இறந்தார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தின் முன் வந்தது. 17 காவல்துறையினர் மீது நடவடிக்கை எடுக்க அது பரிந்துரைத்தது. தொலைந்த எழுவாயை ஓர் அறிக்கை மீட்டுத் தந்தது. ஆனால் 1952ஆம் ஆண்டு விசாரணை ஆணையச் சட்டத்தின்படி ஆணையம் சொல்வது பரிந்துரை மட்டுமே; தீர்ப்பாகாது.

தீர்ப்புக்கு வழக்கு வேண்டும். வழக்கின் வாசலில் ஒரு பூட்டு தொங்குகிறது. நீங்களோ நானோ துப்பாக்கி வைத்திருக்க 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வாங்க வேண்டும். கடமையிலிருக்கும் அரசு ஊழியருக்கு அதே சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால், கூட்டத்தைக் கலைக்கும்போது செய்ததற்காகக் காவலர் மீது வழக்குத் தொடர மாநில அரசின் முன் அனுமதி வேண்டும் என்றது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 132ஆம் பிரிவு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அது 151ஆம் பிரிவாகத் தொடர்கிறது. துப்பாக்கியைக் கொடுத்ததும் அரசு. அது சுட்டதைப் பற்றிக் கேட்கலாமா என்று முடிவு செய்வதும் அரசு.

பொய் வழக்குகளிலிருந்து நேர்மையான அதிகாரியைக் காக்கத்தான் இந்த ஏற்பாடு என்பார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பெண்கள் ஏற்கெனவே இந்தப் பூட்டில் ஒன்றைத் திறந்திருக்கிறோம். டெல்லிப் பேருந்துக் கொடுமைக்குப் பின் எழுந்த போராட்டங்களை அடுத்து, 2013இல் சட்டம் திருத்தப்பட்டது. அரசு ஊழியர் பாலியல் வன்முறையில் ஈடுபட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டால், அரசு ஊழியர்களுக்கான 197ஆம் பிரிவின் முன் அனுமதி தேவையில்லை என்று ஆனது. அதில் உள்ள தர்க்கம் எளிது: பாலியல் வன்முறை ஒருபோதும் கடமையின் பகுதியாக முடியாது. ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டத்திலும் இதைச் செய்யுங்கள் என்றது வர்மா குழு. அரசு அதைச் செய்யவில்லை.

அந்தத் தர்க்கத்தை ஏன் பாதியில் நிறுத்த வேண்டும்? தப்பி ஓடுகிறவரின் முதுகில் சுடுவது எந்தக் கடமையின் பகுதி? புதிய சட்டத்தின் 218ஆம் பிரிவு, அனுமதி கேட்டு 120 நாட்களில் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி தந்ததாகவே கொள்ளப்படும் என்கிறது. 151ஆம் பிரிவில் அந்தக் கெடுகூட இல்லை. மகளை இழந்த தாய் காத்திருக்க வேண்டும். எவ்வளவு காலம் என்று சட்டம் சொல்லாது.

தூத்துக்குடியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மாணவிகள் கண்ணகியைக் கொண்டுவருகிறார்கள். நாம் அவளுடைய சினத்தை மட்டும் படித்துப் பழகிவிட்டோம். இளங்கோ எழுதிய கொலையையும் படிக்க வேண்டும். பொய் சொன்ன பொற்கொல்லன், ஆராயாமல் ஆணையிட்ட மன்னன், குடிவெறியில் வாளை வீசிய காவலன் என்று மூவரையும் காவியம் தனித்தனியே காட்டுகிறது. மற்ற காவலர்கள் தயங்கியதையும் அது பதிவு செய்கிறது. கோவலன் 'வெட்டப்பட்டான்' என்று சொல்லி நகர்ந்துவிடவில்லை. வாயிற்காவலன் செய்தி சொன்னதும் மன்னன் அவளை உள்ளே அழைக்கிறான். தன்மேல் குற்றம் சாட்ட வந்தவளுக்கு அவன் கதவடைக்கவில்லை.

சட்டத் திருத்தத்துக்கு நாளாகும். அதுவரை நம் கையிலிருக்கும் வேலை ஒன்று உண்டு. செய்தியிலோ, அறிக்கையிலோ, தேர்வுத்தாளிலோ 'சுடப்பட்டனர்' என்று வந்தால், யாரால் என்று ஓரத்தில் எழுதிக் கேளுங்கள்.