உடுப்பவளுக்கு மட்டும் சொற்கள்

வெளிநாட்டுப் படிப்புக்கும் நர்ஸ் வேலைக்கும் ஐஇஎல்டிஎஸ் எழுதப்போகும் பெண்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். பேச்சுத் தேர்வில் உடையைப் பற்றிய கேள்விகள் வருவதுண்டு. மதிப்பெண்ணில் நான்கில் ஒரு பங்கு சொல்வளத்துக்கு. அதனால் 'பி2' நிலை மாணவிகளுக்கென்று ஜெராக்ஸ் எடுத்த ஒரு சொற்பட்டியல் எங்கள் மையத்தில் கைமாறிக்கொண்டே இருக்கும். பல வருடம் அதைக் கேள்வி கேட்காமல் நடத்தியவள்தான் நானும்.

'ட்ரெஸ்டு டு கில்': பார்ப்பவர் கிறங்கும்படி உடுத்துவது. 'ஸ்லேவ் டு ஃபேஷன்': ஃபேஷனுக்கு அடிமை. 'ஆஃப் தி பெக்': நம் ரெடிமேட். 'ஹேண்ட்-மீ-டவுன்ஸ்': அக்கா போட்டுக் கழித்தது. (இதற்கு மட்டும் வகுப்பில் விளக்கமே தேவைப்பட்டதில்லை.) எல்லாம் வாங்குகிறவள், உடுத்துகிறவள், அவளைப் பார்க்கிறவர் ஆகியோரின் சொற்கள். தைக்கிறவள் ஒரு வரியிலும் இல்லை.

பட்டியலில் இன்னொன்று, 'மட்டன் ட்ரெஸ்டு ஆஸ் லேம்'. முற்றிய ஆட்டின் கறியை இளங்குட்டியின் கறி என்று ஜோடித்து வைப்பது. வயதை மறைத்துச் சின்னப்பெண் போல உடுத்துகிறவளைச் சொல்வது. 'பேரன் பேத்தி எடுத்த வயசுல இதெல்லாம் தேவையா' என்று நம் வாசலில் கேட்பார்களே, அதேதான். பெண்ணைத்தான் இப்படிச் சொல்வார்கள் என்ற எச்சரிக்கை பட்டியலில் கிடையாது. மதிப்பெண் கூட்டும் மரபுத்தொடர் என்று மட்டும் இருக்கிறது. அறுபது வயதில் தலைக்குச் சாயம் பூசி, ஜீன்ஸ் மாட்டிக் காதலிக்கும் நம் கதாநாயகர்களுக்கு இப்படி ஒரு கறியை ஆங்கிலம் ஒதுக்கவில்லை. ஒரு பெண் தன் அம்மாவைக் கறியாக்கித்தான் சொல்வளம் காட்ட வேண்டுமா?

இந்தக் கேள்வி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. திருப்பூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி. அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். இவளும் பள்ளி விடுமுறையில் கைமடி வேலைக்குப் போனவள். பிடித்த உடையைப் பற்றிப் பேசச் சொன்னேன். ஒரு டி-ஷர்ட்டை எடுத்துக்கொண்டாள். கழுத்து ரிப்பை எப்படி இழுத்துப் பிடித்து ஏற்றுவார்கள், ஓவர்லாக் எங்கே, ஃப்ளாட்லாக் எங்கே, பிசிர் எங்கே நிற்கும் என்று தடுமாறித் தடுமாறிச் சொன்னாள். இலக்கணம் உடைந்திருந்தது. ஆனால் ஒவ்வொரு தொழிற்சொல்லும் ஆங்கிலம், சரியான இடத்தில் விழுந்த ஆங்கிலம். நான் இடைமறித்து, பட்டியலில் இருப்பதைப் பயன்படுத்து என்றேன். கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துவிட்டு, 'ஐ ஆம் எ ஸ்லேவ் டு ஃபேஷன்' என்றாள். நல்ல மதிப்பெண் போட்டேன்.

நூலும் தையலும் பெண்ணின் பெயரோடு ஒட்டியிருந்த ஆங்கிலச் சொற்கள் இல்லாமலில்லை. 'ஸ்பின்ஸ்டர்' என்றால் முதலில் நூற்பவள். பெண்ணின் தொழிற்பெயர். பிறகு சட்ட ஆவணங்களில் மணமாகாதவளைக் குறித்தது, அதன்பின் வசையானது. இங்கிலாந்துத் திருமணப் பதிவேட்டில் 2005 வரை அது இருந்தது. கூடவே இருந்த 'பேச்சிலர்' வசையாகவில்லை. நூற்றுச் சம்பாதித்தவள் என்பது உதிர்ந்து, ஒருவனும் கட்டிக்கொள்ளாதவள் என்பது நின்றுவிட்டது.

கொங்குப் பகுதியிலும் திண்டுக்கல் பக்கத்திலும் நூற்பாலைகள் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் ஆள் எடுத்ததை இதோடு சேர்த்து வாசிக்கலாம். மணமாகாத, பதின்வயதுப் பெண்கள். பெரும்பாலும் மூன்று வருடம், ஆலை விடுதியில் அடைப்பு, முடிவில் கல்யாணச் செலவுக்கென்று ஒரு மொத்தத் தொகை. கூலியைப் பிடித்து வைத்து அதற்குச் சுமங்கலி என்று பெயர் சூட்டினார்கள். அங்கே நூற்பவளைக் கட்டிக்கொள்ளப்படாதவள் ஆக்கினார்கள். இங்கே இனிமேல் கட்டிக்கொள்ளப்படப் போகிறவள். இரண்டு பெயரிலும் கூலிக்காரி இல்லை. இந்தப் பெண்கள் நூற்றது யாருடைய 'ஆஃப் தி பெக்' ஆகத் தொங்குகிறது என்று எந்தச் சொற்பட்டியலும் கேட்பதில்லை.

பட்டியலை நான் தூக்கிப் போடவில்லை. விசா வேண்டியவளிடம் போய்க் கொள்கை பேச முடியாது. அதன் பின்பக்கத்தில் ஸீம், ஹெம், ரிப், ஓவர்லாக், பீஸ் ரேட் என்று கையால் எழுதி நகலெடுக்கிறேன். தேர்வு கேட்பதும் தலைப்புக்குத் துல்லியமாகப் பொருந்தும் சொல்லைத்தான். அந்த மாணவி அதற்குள் தேர்வெழுதிப் போய்விட்டாள்.