‘டிக் டிக் டிக்’: இறக்கி வைக்கப்பட்ட தராசு

சக்தி சௌந்தர் ராஜன் இயக்கி 2018 ஜூனில் வெளிவந்த இப்படம், இந்தியாவின் முதல் விண்வெளிப் படமென விளம்பரம் பெற்றது. ‘கலை அரசி’யில் (1963) எம்.ஜி.ஆர். வேற்றுலகம் சென்று மீண்டதை அறிந்தோர் இதனைப் புன்முறுவலோடே ஏற்பர். 1947இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ உருவான காரைக்குடிக் கொட்டகையை எண்ணுங்கால், இவ்விண்கல அரங்கின் கைத்திறன் நமக்கு மகிழ்வூட்டுகிறது.

விண்கல் ஒன்று பூமியை நெருங்குகிறது. அதைத் தகர்க்கவல்ல ஏவுகணையோ அயலாரின் விண்வெளி நிலையத்தில் உள்ளது. அதனைக் களவாட அனுப்பப்படுகிறான் மாயவித்தைக்காரன் வாசு. இதற்கிடையே, சொற்படி கேளாவிடில் உன் மகனைக் கொல்வோம் என ஒரு குரல் அவனை மிரட்டுகிறது. ஓடி ஒளிய இடமற்ற கலத்துள், தன் பிள்ளையையும் முகமறியாத கோடிப் பேரையும் ஒரே தராசில் நிறுக்கவேண்டியவனாகிறான் அவன். படத்தின் உயிர்நிலை இதுவே. ஜெயம் ரவியும் அவர்தம் மகன் ஆரவுமே தந்தையும் மகனுமாக நடித்திருப்பது நம்மை இன்னும் கலங்கவைக்கிறது.

ஆயின் இயக்குநர் அத்தராசை விரைவில் இறக்கி வைத்துவிடுகிறார். வாசுவின் கைவித்தையால் மகனும் பிழைக்கிறான், நாடும் பிழைக்கிறது. எதைத் தெரிந்துகொள்வான் என்று மூச்சடக்கிக் காத்திருந்த நமக்கு, தெரிந்துகொள்ளவே தேவையில்லை என்பதே விடையாகக் கிடைக்கிறது. களவுக்கு ஆளனுப்பிய அரசினரின் செயலும் விசாரணையின்றிக் கடந்துபோகிறது.