தோல்வியும் பொறுப்பும்: போருக்குப் பிந்திய ஜேர்மன் நாடகம் பற்றிய ஒரு நோக்கு

போரில் தோல்வியுற்ற மக்கள் தமது தோல்வியை எவ்வாறு விளங்கிக்கொள்கின்றனர் என்பது அவர்களது பிற்கால அரசியலை நிர்ணயிக்கும் காரணிகளுள் ஒன்றாகும். 1945 மே 8ஆந் திகதி நாஸி ஜேர்மனியின் சரணாகதி நடைமுறைக்கு வந்தது. நகரங்கள் இடிபாடுகளாய்க் கிடந்தன. நாடு நான்கு வலயங்களாகப் பிரிக்கப்பட்டது. அத்தருணத்தைப் 'பூச்சிய மணி' எனக் குறிப்பிடும் வழக்கு ஜேர்மானியரிடையே தோன்றியது. கடந்தகாலம் அறுந்தொழிந்தது, யாவும் புதிதாகத் தொடங்குகின்றன என்னும் நம்பிக்கை அத்தொடரிற் பொதிந்துள்ளது. அந்நம்பிக்கையை உரைத்துப் பார்க்க, வொல்வ்காங் போர்ஹெர்ட்டின் 'கதவுக்கு வெளியே' என்னும் நாடகம் நமக்கு உதவுகின்றது.

1947 பெப்ரவரியில் வானொலி நாடகமாக ஒலிபரப்பப்பட்ட இது, அவ்வாண்டு நவம்பர் 21இல் ஹம்பேர்க்கில் மேடையேறிற்று. அதற்கு முதல்நாள், தமது 26ஆம் வயதில், ஆசிரியர் காலமாகிவிட்டார். நாடகத்தின் நாயகனான பெக்மன் சைபீரியச் சிறையிலிருந்து ஊர் திரும்புகிறான். மனைவி வேறொருவனுடன் வாழ்கிறாள். குழந்தை இடிபாடுகளுக்குள் மாண்டுவிட்டது. எல்பே நதியும் அவனை ஏற்க மறுத்துக் கரையில் எறிகின்றது.

இந்நாடகத்தை மனிதத் துயரின் பொதுக்குரலாக மட்டும் போற்றுவோர் உளர். அவ்வாறு வாசிப்பது அதன் அரசியலைத் தவறவிடுவதாகும் என்பதே நமது கருத்து. நாடகத்தின் அச்சாக விளங்குவது கேணலின் வீட்டுக் காட்சி. தனது பொறுப்பில் விடப்பட்ட வீரருள் பதினொருவரை இழந்த பெக்மன், அப்பொறுப்பை அதனைத் தந்தவரிடமே திருப்பிக் கொடுக்க வருகிறான். கேணலோ அதனை நகைச்சுவையாகக் கொண்டு சிரிக்கிறார்.

அச்சிரிப்பின் பொருளைப் பின்வந்த வரலாறு தெளிவாக்கிற்று. 1946இல் முடிவுற்ற நியூரம்பேர்க் பிரதான விசாரணை தலைவர்கள் சிலரைத் தண்டித்தது. ஏனையோரைத் தரம்பிரித்த மேற்கு வலய நடவடிக்கைகளில் மிகப் பலர் 'உடன்சென்றோர்' என்ற இலேசான வகையிற் சேர்க்கப்பட்டனர். 1951இல் மேற்கு ஜேர்மனியில் இயற்றப்பட்ட சட்டமொன்று, பதவியிழந்த உத்தியோகத்தர் பலர் மீண்டும் அரச சேவையிற் சேர வழிவகுத்தது. 1935ஆம் ஆண்டின் இனச்சட்டங்களுக்கு விளக்கவுரை எழுதியோருள் ஒருவரான ஹான்ஸ் குளொப்கே, 1953 முதல் 1963 வரை அதிபர் அடெனவரின் அலுவலகத்துக்குத் தலைமை தாங்கினார். கிழக்கு ஜேர்மனியோ பாசிச எதிர்ப்பைத் தன் அரச கோட்பாடாக்கி, பழியை மேற்கின் சுமையாகக் காட்டிற்று. பனிப்போரின் தேவைகள் இருபுறமும் மறதிக்குத் துணைநின்றன.

எனினும் நாடகத்தின் வரையறையையும் சுட்டாதிருக்க முடியாது. போரை மூட்டிய வர்க்க நலன்களோ, யூதர் அழிப்போ அதன் மையத்தில் இல்லை. பெக்மனின் தந்தை யூத வெறுப்பாளர் என்பது அயலாள் ஒருத்தியின் வாய்மொழியாகவே வந்து போகின்றது. ஒளஷ்விற்சில் நடந்தவற்றையும் அங்கு ஆதாயம் தேடிய தொழில் நிறுவனங்களையும் பீற்றர் வைஸின் 'விசாரணை' நாடகம் 1965இல் மேடைக்குக் கொணர்ந்தது.

ஆயினும் போர்ஹெர்ட்டின் நேர்மை ஓரிடத்தில் ஐயத்துக்கு இடமின்றித் துலங்குகின்றது. பெக்மனின் கட்டளையால் காலிழந்த ஒருவன் வந்து அவனையே குற்றஞ்சாட்டுகிறான். கேணலிடம் கேட்ட கேள்வி கேட்டவனிடமே திரும்புகின்றது. தோல்வியுற்றோரின் துயர் மெய்யானது. ஆனால் அத்துயர் அவர்களைப் பொறுப்பினின்றும் விடுவிப்பதில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே காட்டியமையாலேயே இந்நாடகம் இன்றும் ஆய்வுக்குரியதாகின்றது.