உடைந்த பீங்கானும் மும்மொழிக் கல்லும்

கலைப்பொருளைச் சேர்ப்பது வேறு. கலையை அறிவது வேறு. சீனத்துப் பழங்கலைப் பொருள்களைப் பற்றி எழுதுவோரிடத்து இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் மிகுதியாகக் காணப்படுகின்றது. பொருளின் வயதையும் விலையையும் அறிந்தவன் அதன் கலையையும் அறிந்தவனாகி விடுகிறான் என்பது அவர்தம் எண்ணம். இவ்வெண்ணம் எங்கிருந்து பிறந்தது, யாருக்குப் பயன்படுகின்றது என்று ஆராய்வது நம் கடமையாகும்.

2014ஆம் ஆண்டு ஏப்ரலில் ஹொங்கொங் ஏலமொன்றில், மிங் வமிசத்துச் செங்ஹுவா மன்னன் காலத்துச் (1464 - 1487) சிறு கிண்ணமொன்று 28 கோடி ஹொங்கொங் டொலருக்கு விலைபோயிற்று. சேவலும் பேடும் குஞ்சுகளும் தீட்டப்பெற்ற அழகிய கிண்ணம் அது. வாங்கிய செல்வர் அதில் தேநீர் அருந்திய படம் உலகெங்கும் வெளியாயிற்று. மன்னன் பெயர் தெரிந்தது. வாங்கியவர் பெயரும் தெரிந்தது. வனைந்தவன் பெயர் மட்டும் எவருக்கும் தெரியாது. பீங்கான் நகராகிய ஜிங்தேஜெனிலிருந்து 1712இலும் 1722இலும் கடிதம் எழுதிய பிரெஞ்சு யேசுசபைத் துறவி தந்திரெக்கோல், ஒரு கலம் முற்றுப்பெறுமுன் எழுபது தொழிலாளர் கைகளைக் கடந்து செல்வதாகக் குறித்துள்ளார். மண் பிசைந்தவன், சக்கரம் சுற்றியவன், கோடு வரைந்தவன், வண்ணம் நிரப்பியவன், சூளைக்கு விறகிட்டவன் எனத் தொடரும் அந்த எழுபதின்மரும் ஏலப் பட்டியலில் இடம்பெறுவதில்லை.

சேகரிப்போர் பெரிதும் போற்றும் அரச முத்திரையும் நம்பத்தக்கதன்று. கலத்தின் அடியில் செங்ஹுவா மன்னன் பெயர் இருப்பதால் மட்டும் அது அவன் காலத்ததாகி விடாது. இரு நூற்றாண்டுகள் கழித்துக் காங்சி மன்னன் ஆட்சியில் (1662 - 1722) வாழ்ந்த வினைஞரும் அப்பெயரைப் பொறித்தனர். ஆகவே, மெய்யாக அறிய முயல்வோர் எழுத்தை மட்டும் நம்பாது, அடிவளையத்து மண்ணையும் மெருகின் தன்மையையும் நீலத்தின் சாயலையும் நோக்குவர். அந்த நீலமும் தனிச் சீனத்தது அன்று. யுவான் காலத்தும் மிங் காலத் தொடக்கத்தும் உயர்ந்த கலங்களுக்குரிய கோபால்ட் பாரசீகத்திலிருந்து சென்றது. தூய தேசியக் கலை எனச் சேகரிப்போன் கொண்டாடுவது பல நாட்டார் உழைப்பின் கூட்டு விளைவே.

இப்பொருள்கள் மேனாட்டு மாளிகைகளை அடைந்த வழிகளுள் வாணிகமும் உண்டு, கொள்ளையும் உண்டு. 1860 அக்டோபரில் பிரித்தானிய, பிரெஞ்சுப் படைகள் பீக்கிங் நகர்க்கு அண்மையிலிருந்த யுவான்மிங்யுவான் அரண்மனையைச் சூறையாடின. பின்னர் எல்ஜின் பிரபுவின் ஆணைப்படி அது தீயிடப்பட்டது. அப்பிரபுவே 1862இல் இந்தியாவின் இராசப் பிரதிநிதியாக வந்தார். அப்போரில் சென்னைச் சப்பர் படையினரும் ஈடுபடுத்தப்பட்டனர் என்பது தமிழராகிய நாம் மறக்கலாகாத செய்தி. ஓர் அடிமை நாட்டின் ஏழைமக்கள் இன்னொரு நாட்டைப் பணியவைக்க அனுப்பப்பட்டனர். இவ்வாறு சென்ற பொருளின் முன் நின்று அழகை மட்டும் பேசுவது அரைகுறை அறிவேயாகும்.

இனி, நம் நாட்டுக்கு வருவோம். மாந்தையிலும் யாப்பகூவையிலும் யாழ்ப்பாணத்து அல்லைப்பிட்டியிலும் சீன மட்பாண்ட உடைசல்கள் கிடைத்துள்ளன. 1970களின் பிற்பகுதியில் ஜோன் கார்ஸ்வெல் ஆராய்ந்த அல்லைப்பிட்டிச் சில்லுகள் சொங் வமிச காலத்தவை. சந்தையில் இவற்றுக்கு மதிப்பில்லை. வரலாற்றுக்கோ இவை அரும்பொருள். முழுக்கலம் கைமாறிக் கைமாறித் தன் பிறந்தகம் மறந்து நிற்கின்றது. உடைசலோ, கிடந்த மண்ணோடும் அருகிருந்த பொருளோடும் சேர்த்து எடுக்கப்படுமாயின், எக்கப்பல் எத்துறைக்கு எப்போது வந்தது என உரைக்கின்றது.

சீனத்தார் இங்கு விட்டுச்சென்ற பொருள்களுள் தலையாயது காலி மும்மொழிக் கல்லாகும். 1409ஆம் ஆண்டுத் தேதியுடன் கடற்படைத் தலைவன் ஜெங் ஹெ கொணர்ந்த இக்கல் 1911இல் காலியில் மதகு மூடியாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்டது. பின்னர் கொழும்பு நூதனசாலையில் வைக்கப்பட்டது. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாவையும் போற்றுகின்றன. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்னும் காணிக்கைப் பட்டியலோ மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றே.

சீனப் பேரரசன் தமிழில் எழுதுவித்தான் என்று நம்மவர் சிலர் பெருமிதம் கொள்வதுண்டு. அப்பெருமிதமும் ஒருவகைச் சேகரிப்பாளர் மனப்பான்மையே. தமிழ் அக்கல்லில் ஏறியமைக்குக் காரணம், துறைமுகங்களில் அது வாணிக மொழியாக வழங்கியதாகும். மேலும், காணிக்கை கொணர்ந்த அதே கடற்படையே ஓரிரு ஆண்டுகளில் இந்நாட்டு அழகக்கோன் மன்னனைப் போரில் சிறைப்பிடித்துச் சீனத்துக்குக் கொண்டு சென்றது. காணிக்கையும் படைவலியும் ஒரே கப்பலில் வந்தன. ஆதிக்கத்தின் கையையும் மும்மதத்தாரும் கலந்து வாழ்ந்த துறைமுக வாழ்வையும் ஒருங்கே காட்டுவதே அக்கல்லின் உண்மைச் சிறப்பு.

இதனை இன்று வற்புறுத்த வேண்டிய தேவை திருகோணமலை மாவட்டத்தில் மிகுதி. இங்கே ஒவ்வொரு பழங்கல்லும் எவ்வினத்தாருடையது என்ற வழக்கே முதலில் எழுகின்றது. ஒருபுறம் புதையல் தேடுவோர் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தை மீறி இரவில் தோண்டுகின்றனர். மறுபுறம் இனவாதிகள் பகலில் உரிமை கொண்டாடுகின்றனர். முன்னவர் பொருளை விற்கின்றனர். பின்னவர் அதன் பொருளையே விற்கின்றனர். சோழர் காலத்துச் சதுர்வேதிமங்கலமாக விளங்கிய கந்தளாயில், குளத்து நீரால் இன்று மூவினத்தாரும் பயிர் செய்கின்றனர். அவர்தம் பிள்ளைகள் வயலில் ஓர் ஓட்டைக் கண்டெடுத்தால், "இது யாருடையது?" என்று கேட்குமுன் "இதைச் செய்தவர் யார்? இங்கே கொணர்ந்தவர் யார்? இதில் உண்டவர் யார்?" என்று கேட்கப் பழக்குவது ஆசிரியர் பணி. கண்ட இடத்தைக் குறித்து, தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்கச் செய்வதும் அப்பணியின் பகுதியே. இக்கேள்விகளுக்கு விடைதேடப் புறப்படும் மாணவன் தனக்கென ஒரு சில்லையும் சேர்க்காமலே மனித உழைப்பின் வரலாற்றுக்கு உரியவனாவான்.