மாசிப் பனியில் வேட்டங்குடிக் கரை

மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். காரைக்குடியின் காரை பூசிய மச்சுகளிடம் அது தோற்கலாம். கண்மாய்க் கரையில் விடியலுக்கு முன்பே துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தால் தெரியும் அதன் கூர்மை.

திருப்பத்தூரிலிருந்து மேலூர் போகும் சாலையை ஒட்டி வேட்டங்குடி. பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடி என்று மூன்று கண்மாய்கள், மொத்தம் 38.4 ஹெக்டேர். 1977 முதல் பறவைகள் சரணாலயம். கூடாரமெல்லாம் வேண்டாம், ஒரு போர்வையும் தூக்குவாளியில் தேநீரும் போதும்.

தண்ணீர் இறங்கத் தொடங்கும் இந்த நாட்களில்தான் கண்மாய்க்கு அழகு. முழுகிக் கிடந்த மண்திட்டு ஒன்று கரையிலிருந்து நாக்காய் உள்ளே நீளும். அதன் நுனியில் நத்தைகுத்தி நாரைகள் சேற்றைத் துழாவும். மேல் அலகும் கீழ் அலகும் நடுவில் ஒட்டாத வாய் அதற்கு; அந்த இடைவெளியைக் குறை என்று நினைப்பவர் அது நத்தையை உருவி எடுப்பதைப் பார்க்க வேண்டும். கரண்டிவாயன் தலையை இருபுறமும் ஆட்டி நீரை அரிக்கும். கருவேல மரங்களில் கூடுகள், கீழே எச்சம் கரைந்த தண்ணீர். அது வயலுக்கு உரம் என்பது ஊர்க்காரர்களின் கணக்கு.

கணக்கு மட்டுமா? பறவைகள் மிரளக் கூடாதென்று கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கும் வெடி கிடையாது. பல பத்தாண்டுகளாக இப்படித்தான். பிள்ளைகளுக்கு வனத்துறை இனிப்பு கொடுக்கும். மத்தாப்பை விட்டுக்கொடுத்ததற்கு இனிப்பு கொஞ்சம் குறைச்சல்தான்!