ஈரோட்டிலிருந்து மின்னசோட்டா வரை

காவிரி ஈரோட்டைக் கடந்து, கொடுமுடியைத் தொட்டு, பரமத்தி வேலூருக்கு வந்து சேர்கிறது. அந்த ஈரோட்டில் 2012-ஆம் ஆண்டில், உதகை மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஜோசப் பழனிவேல் ஜெயபால் என்னும் பாதிரியார், இன்டர்போல் எனப்படும் சர்வதேசப் போலீஸ் அமைப்பின் அறிவிப்பை ஆதாரமாகக் கொண்டு கைது செய்யப்பட்டார். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், கனடா எல்லையை அடுத்த க்ரீன்புஷ் என்ற சிற்றூர் ஆலயத்துக்கு 2004-இல் பணிக்குச் சென்றவர் அவர். அங்கே பதின்வயதுப் பெண்கள் இருவரைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினார் என்பது அவர்மீது எழுந்த குற்றச்சாட்டு. 2005-இல் தாயகம் திரும்பிய அவர், அந்தக் குற்றச்சாட்டு கடலுக்கு அப்பால் நிலுவையில் இருக்கையிலேயே, மறைமாவட்டப் பள்ளிகளின் ஆசிரியர் நியமனத்தைக் கவனிக்கும் அலுவலில் அமர்ந்திருந்தார். 2014 நவம்பரில்தான் இந்தியா அவரை அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. பாலியல் குற்றச்சாட்டுக்கு ஆளான ஒரு பிரமுகரை அந்நிய நாட்டு நீதிமன்றத்தின் முன் நிறுத்தலாமா என்ற கேள்வியை ஆராயப் புகுவோர், லண்டனையும் ஸ்டாக்ஹோமையும் தேடிப் போகுமுன், நமக்கு இத்தனை சமீபத்தில் நடந்த இவ்வழக்கைச் சற்று நின்று பார்ப்பது தகும்.

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒப்படைக்கத்தான் வேண்டும். பிரமுகர் என்பதற்காகத் தயங்கவும் கூடாது; பிரமுகர் என்பதற்காக, கூட்டத்தின் கூச்சலுக்கு அஞ்சி, விசாரணையைச் சுருக்கவும் கூடாது. நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்து லாரி டிரைவர் ஒருவர்மீது குஜராத்திலோ அஸ்ஸாமிலோ ஒரு புகார் எழுந்தால், அந்த மாநிலப் போலீஸார் வாரண்டோடு வந்து, உள்ளூர் மாஜிஸ்திரேட்டின் அனுமதியைப் பெற்று அவரை அழைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். சாட்சியம் போதுமானதா என்று இங்கே எவரும் ஆராய்வதில்லை. குடும்பத்தார் பாஷை தெரியாத ஊரில் வக்கீலைத் தேடி அலைய நேர்கிறது. ஒரே தேசம், ஒரே சட்டம் என்பதால் அதை நியாயம் என்று ஏற்றுக்கொள்ளும் நாம், தேச எல்லை ஒன்று குறுக்கிட்டு, குற்றம் சாட்டப்பட்டவர் புகழ் பெற்றவராகவும் இருந்துவிட்டால் மட்டும், நீதியின் சூட்சுமங்களைப் பற்றி இவ்வளவு கவலை கொள்வது விசித்திரந்தான்.

எனினும் அந்தக் கவலை முழுவதும் வீண் என்று நான் சொல்லமாட்டேன். 1962-ஆம் ஆண்டின் ஒப்படைப்புச் சட்டம் அதற்கு இடம் கொடுத்தே எழுதப்பட்டிருக்கிறது. அந்நிய அரசின் வேண்டுகோள் மத்திய அரசுக்கு வந்ததும், ஒரு மாஜிஸ்திரேட் அதை விசாரிக்கிறார். கேட்கப்படுபவர் குற்றவாளியா அல்லவா என்பதை அவர் தீர்மானிப்பதில்லை, வழக்கு நடத்துவதற்கு மேலெழுந்தவாரியாகவேனும் முகாந்திரம் உண்டா என்பதை மட்டுமே பார்க்கிறார். இரு நாடுகளின் சட்டத்திலும் அச்செயல் குற்றமாயிருக்க வேண்டும். எந்தக் குற்றத்துக்காகக் கேட்டார்களோ அதை விட்டுவிட்டு வேறொன்றுக்காக அவரைத் தண்டிக்கலாகாது. அரசியல் குற்றமாயின் ஒப்படைக்கவே கூடாது. இந்தக் கடைசி விதியின் அருமையைத் தமிழர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1908-இல் சுப்பிரமணிய பாரதியாரும், 1910-இல் வ.வே.சு. ஐயரும், அரவிந்தரும் பிரெஞ்சுப் புதுச்சேரியில் அடைக்கலம் பெற்றிருந்த காலத்தில், அந்த எல்லைக்கோடு ஒன்றே அவர்களுக்கும் சிறைக்கும் நடுவே நின்றது. அதே 1910-இல் மார்செய்ல் துறைமுகத்தில் கப்பலிலிருந்து குதித்துக் கரையேறிய சாவர்க்கர் பிரெஞ்சு மண்ணிலிருந்தே பிரிட்டிஷார் வசம் ஒப்படைக்கப்பட்டார். அவரைப் பிரான்சிடம் திருப்பித் தர வேண்டியதில்லை என்று அடுத்த ஆண்டு ஹேக் நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது, அடைக்கலம் என்பது எத்தனை மெல்லிய காப்பு என்பதை நம் முன்னோர் அறிந்துகொண்ட சந்தர்ப்பம் அது. ஆனால் பத்திரிகையில் எழுதியதற்காகத் தேடப்பட்டவனுக்கு உரிய அந்தக் காப்பை, ஒரு பெண்ணின் சரீரத்தின்மீது நிகழ்ந்த பலாத்காரத்துக்காகத் தேடப்படுபவன், தானும் அரசியல் செய்பவன் என்ற ஒரே காரணத்தால் கோருவானேயானால், அவ்விதியைப் படைத்தவர்களையே அவமதிக்கிறான் என்று நினைக்கிறேன்.

ஒப்படைப்பின் மிகப் பெரிய நன்மை, சட்டப் புத்தகங்கள் அதிகம் பேசாத ஓரிடத்தில் இருக்கிறது. வெளிநாட்டில் குற்றம் புரிந்த இந்தியப் பிரஜையை ஒப்படைக்காமலேயே, மத்திய அரசின் அனுமதியோடு இங்கேயே விசாரிக்கவும் நம் சட்டம் வழி வைத்திருக்கிறது. பிரான்சு போன்ற நாடுகள் தம் குடிமக்களைப் பொதுவாக அயலாரிடம் கொடுப்பதில்லை என்பதையே கொள்கையாக வைத்திருக்கின்றன, சினிமா டைரக்டர் ரோமன் போலன்ஸ்கி பாலியல் குற்ற வழக்கிலிருந்து தப்பி 1978-இல் அமெரிக்காவை விட்டு ஓடியபின் நெடுங்காலம் பாரிஸில் நிம்மதியாக இருக்க முடிந்தது அதனால்தான். நம் பிள்ளையை நம் ஊரிலேயே விசாரிப்போம் என்னும் வாதம் கேட்பதற்கு இனிமையானது. க்ரீன்புஷ் வழக்கில் அதை வைத்துப் பாருங்கள்: சம்பவத்தின்போது பதின்வயதினராயிருந்த அந்தப் பெண்கள், பனி மூடிய தம் கிராமத்திலிருந்து புறப்பட்டு, முன்பின் அறியாத நாட்டின் மலைநகரம் ஒன்றில், அறியாத பாஷை பேசுவோர் நடுவே, தங்களுக்கு நேர்ந்ததை அந்நிய வக்கீலின் குறுக்கு விசாரணைக்கு விடை சொல்லி நிரூபிக்க வேண்டியிருந்திருக்கும். குற்றம் சாட்டப்பட்டவன் பிரயாணப்படுவதா, குற்றத்துக்கு இலக்கானவள் பிரயாணப்படுவதா என்று கேள்வியை இவ்விதம் திருப்பி வைத்த மாத்திரத்தில், ஒப்படைப்பை எதிர்ப்போரின் கருணை யாருக்காகச் சுரக்கிறது என்பது தெரிந்துவிடும். 1997-இல் இந்தியாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட உடன்படிக்கை, தன் நாட்டுப் பிரஜை என்ற காரணத்துக்காக ஒருவரை ஒப்படைக்க மறுக்கக் கூடாது என்று எழுதி வைத்தது விவேகமான காரியம்.

குறைகள் இல்லாமல் இல்லை. அவற்றுள் தலையானது காலதாமதம். ஜெயபால் கைதாகி ஒப்படைக்கப்படுவதற்குள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டது. விக்கிலீக்ஸ் இணையதளத்தின் நிறுவனர் ஜூலியன் அசாஞ்சேயின் விவகாரத்தில் இது இன்னும் அப்பட்டமாக வெளிப்பட்டது. 2010 ஆகஸ்டில் ஸ்வீடனில் இரு பெண்கள் கொடுத்த புகாரின்மீது, பிரிட்டன் அவரை அனுப்பலாம் என்று 2012-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபின், அவர் லண்டனிலுள்ள ஈக்வடார் தூதரகத்தில் நுழைந்து ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் அங்கேயே தங்கிவிட்டார். சில புகார்கள் காலக்கெடு கடந்து காலாவதியாயின. நெடுங்காலம் கழிந்து சாட்சியம் பலவீனப்பட்டுவிட்டதென்று கூறி, எஞ்சியதையும் ஸ்வீடன் 2019 நவம்பரில் கைவிட்டது. ஸ்வீடன் தம்மை அமெரிக்காவுக்குத் தள்ளிவிடும் என்று அவர் கொண்ட பயம் பொய்யன்று; பிற்பாடு அமெரிக்கா அவரைக் கேட்கத்தான் செய்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு உரிய பரிகாரம், மூன்றாம் நாட்டுக்கு அனுப்புவதில்லை என்ற உத்தரவாதத்தை ராஜதந்திர வழியில் பெறுவதே அல்லாமல், பெண்கள் இருவரின் புகாரை விசாரணையின்றியே மடிய விடுவதன்று. தாம் நிரபராதியென நிரூபிக்கவும் அவருக்கு வாய்ப்பில்லாமற் போயிற்று என்பதை அவருடைய அபிமானிகள் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு குறை, இந்த ஏற்பாடு எளியவனைப் பிடிக்கும் வேகத்தில் வலியவனைப் பிடிப்பதில்லை என்பது. திருவண்ணாமலையில் பிறந்து, கர்நாடகத்துப் பிடதியில் மடம் அமைத்த நித்யானந்தாவின்மீது 2010-இல் எழுந்த பாலியல் வன்முறை வழக்கு, அவர் மறுத்துவரும் வழக்கு, ராமநகர நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கையிலேயே அவர் நாட்டை விட்டு மறைந்தார். அவருக்காக இன்டர்போல் வெளியிட்ட நீல அறிவிப்பு, ஒருவர் இருக்குமிடத்தை அறிவிக்கக் கோருவதேயன்றிப் பிடித்துக் கொடுக்கக் கோருவதன்று. அடைக்கலம் தரவில்லை என்று ஈக்வடார் மறுத்தது, பிடிவாரண்டு பிறந்தது, அவரோ கைலாசா என்று ஒரு தேசத்தையே பிரகடனம் செய்துகொண்டு உபதேசம் செய்கிறார். தேடப்படுபவர் இருக்குமிடம் தெரிந்தாலல்லவா உடன்படிக்கைக்கு வேலை? இதற்கு மாறாக, முன்னாள் பிரதமர் தேவேகௌடாவின் பேரரும் ஹாசன் தொகுதி எம்.பி.யுமாயிருந்த பிரஜ்வல் ரேவண்ணா, 2024 ஏப்ரலில் தம் தொகுதியில் வாக்குப்பதிவு முடிந்த மறுநாளே ராஜதந்திரப் பாஸ்போர்ட்டோடு ஜெர்மனி போனவர், ஒப்படைப்பு மனு எதுவும் தேவைப்படாமலேயே மே 31-ஆம் தேதி பெங்களூரு விமான நிலையத்தில் வந்திறங்கி, பாலியல் வன்முறைப் புகாரின்மீது கைதானார். பாட்டனாரின் பகிரங்கக் கடிதமும், பாஸ்போர்ட்டை ரத்துசெய்யும் நடவடிக்கையும், ஊர் முழுதும் எழுந்த கண்டனமும் சட்டத்தைவிட விரைந்து வேலை செய்தன. 2025 ஆகஸ்டில் விசாரணை நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. ஆகவே பாஸ்போர்ட்டைத் தரும் அதிகாரமும் பறிக்கும் அதிகாரமும் அரசாங்கத்தின் கையில் இருக்க, உடன்படிக்கை இல்லையே என்று அது கைவிரிப்பது பல சமயங்களில் வெறும் சாக்குத்தான்.

நான் மிகவும் கவலைப்படுவது ஒப்படைப்புக்குப் பின் நிகழ்வதைப் பற்றி. 2015-இல் ஜெயபால், ஒரு பெண் சம்பந்தப்பட்ட, தரம் குறைந்த குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டார். மற்றவர் சம்பந்தப்பட்ட குற்றச்சாட்டு அந்த உடன்பாட்டின்படி கைவிடப்பட்டது. ஓராண்டும் ஒரு நாளும் தண்டனை. காவலில் கழித்த காலம் அதற்கு ஈடாக, அவர் தாயகம் திரும்பினார். 2016-இன் தொடக்கத்தில் உதகை ஆயர், அவர்மீது முன்னர் விதிக்கப்பட்டிருந்த பணி இடைநீக்கத்தை விலக்கினார். வத்திக்கானைக் கலந்தே செய்ததாக மறைமாவட்டம் கூறிற்று. சட்டத்தின் எழுத்துப்படி இதில் எவரும் எதையும் மீறவில்லை. இரண்டு அரசாங்கங்களும் ஒரு மாஜிஸ்திரேட்டும் இத்தனை ஆண்டு உழைத்து நிறைவேற்றிய காரியத்தின் பலன், ஒரு நிர்வாக உத்தரவில் கரைந்துபோயிற்று என்பதுதான் மிச்சம். 2018-இல் இந்தியா பாலியல் குற்றவாளிகளுக்கென்று ஒரு தேசியத் தரவுத்தளத்தைத் தொடங்கியது. அயல்நாட்டு நீதிமன்றம் தண்டித்துத் திருப்பி அனுப்பியவர்களின் பெயரும் அதில் ஏற வேண்டும். ஆளை ஒப்படைக்கும்போதே, தீர்ப்பின் நகலைத் திருப்பி அனுப்பும் கடமையையும் உடன்படிக்கையில் சேர்க்க வேண்டும். ஆசிரியரையோ, குருவையோ, விடுதிக் காப்பாளரையோ நியமிக்கும் எந்த மதத்து நிர்வாகமும், போலீஸ் சரிபார்ப்பின்றி அவரைக் குழந்தைகள் வரும் இடத்தில் அமர்த்தலாகாது.