நான்கு பேரிங்கும் 26,000 கிலோமீட்டரும்

லேண்ட் ரோவரின் வி6 டீசல் எஞ்சினை ஓட்டியவர்கள் புகழ்கிறார்கள். பிரித்துப் பார்த்தவர்கள் எச்சரிக்கிறார்கள். இரு தரப்பும் சொல்வது உண்மைதான். 2004 முதல் 2020 வரை டிஸ்கவரி, ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட், பின்னர் ரேஞ்ச் ரோவர் என்று வரிசையாகப் பொருத்தப்பட்ட இந்த எஞ்சின், மேல்பாதியில் அருமையான வேலைப்பாடு. கீழ்ப்பாதியில் ஓரிடத்தில் மட்டும் மிச்சமே வைக்காத கணக்கு. அந்த ஓரிடம் கிராங்க் ஷாஃப்ட். அதன் பலவீனத்தைவிட என்னை அதிகம் உறுத்துவது, அதற்கு நிறுவனம் எழுதிக்கொடுத்த ஆயில் அட்டவணை.

எஞ்சினின் பிறப்பிலிருந்தே இதைப் பார்க்க வேண்டும். ஃபோர்டும் பிரான்சின் பிஎஸ்ஏ குழுமமும் சேர்ந்து வடிவமைத்த ‘லயன்’ குடும்பத்தைச் சேர்ந்தது இது. இங்கிலாந்தின் டாகன்ஹாம் ஆலையில் வார்ப்பு முதல் ஓட்டம் வரை ஃபோர்டின் கண்காணிப்பில் இருந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே நடந்தது எஞ்சின் தயாரிப்பு. வடிவமைப்போ இரு நிறுவனங்களின் தேவைகளுக்கும் இடையில் நடந்த பேரம். அப்போது ஃபோர்டின் கையில் இருந்த ஜாகுவாரும் லேண்ட் ரோவரும் இந்த எஞ்சினை நீளவாட்டில் வைப்பவை. பெஜோ 407, சிட்ரோயன் சி6 போன்ற முன்சக்கர இழுவைக் கார்களில் அதே எஞ்சின் குறுக்குவாட்டில் உட்கார வேண்டும். ஆகவே எஞ்சின் குட்டையாக இருந்தே தீர வேண்டும்.

குட்டையாக்க அவர்கள் கையாண்ட வழி நல்ல வழிதான். வழக்கமான சாம்பல்நிற வார்ப்பிரும்புக்குப் பதில் இறுக்கமான கிராஃபைட் அமைப்புள்ள வார்ப்பிரும்பில் பிளாக்கை வார்த்தார்கள். அதன் இழுவலிமை சாதாரண வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ 75 சதவீதம் கூடுதல். சுவர்களை மெல்லியதாக்கலாம், எடை குறையும், டீசலின் அழுத்தத்தையும் தாங்கும். 2.7 லிட்டர் எஞ்சின் டிஸ்கவரி 3-இல் 190 குதிரைத்திறனும் 440 நியூட்டன் மீட்டர் இழுவையும் தந்தது. இரண்டரை டன் வண்டியை, பின்னால் 3,500 கிலோ டிரெய்லரோடு இழுக்க அது போதுமானதாக இருந்தது. அந்தக் காலத்து டீசல்களின் கடகடப்பு இதில் இல்லை.

2009-இல் வந்த 3.0 லிட்டர் வடிவம் இன்னும் தேர்ந்தது. இரண்டு டர்போக்கள், குறைந்த சுழற்சியில் பெரியது ஒன்றே வேலை செய்யும், 2,800-ஐ ஒட்டிய சுழற்சியில் சிறியது வந்து சேர்ந்துகொள்ளும். 2,000 சுழற்சியிலேயே 600 நியூட்டன் மீட்டர். ஆக்சிலரேட்டரை மிதித்த கணத்தில் வண்டி எழுந்து போகும். சேற்றிலோ மணலிலோ மெதுவாக நகரும்போது இந்தக் கீழ்ச்சுழற்சி இழுவையைவிட மதிப்பானது வேறில்லை. இந்தப் புகழில் ஒரு சொல்லைக்கூடக் குறைக்க எனக்கு மனமில்லை.

இனி கிராங்க். 60 டிகிரி கோணத்தில் அமைந்த வி6-இல் வெடிப்புகள் சீரான இடைவெளியில் நிகழ வேண்டுமானால், எதிரெதிர் சிலிண்டர்கள் இரண்டும் ஒரே கிராங்க் பின்னைப் பகிர்ந்துகொள்ள முடியாது. பின்கள் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று 60 டிகிரி விலகி இருக்க வேண்டும். நடுவே ஒரு மெல்லிய சுவரும் வேண்டும். ஆறு பின்கள், அவற்றுக்கிடையே சுவர்கள், தண்டைத் தாங்கும் நான்கு மெயின் பேரிங்குகள் எல்லாம் அந்தக் குட்டை பிளாக்குக்குள் அடங்கியாக வேண்டும். சுவரின் தடிமனிலும் பேரிங்கின் அகலத்திலும் கைவைக்காமல் இது நடக்காது. ஒவ்வொரு வெடிப்பும் இந்தத் தண்டைச் சிறிது முறுக்குகிறது, சிறிது வளைக்கிறது. சுவரும் பின்னும் சந்திக்கும் மூலையில்தான் உலோகச் சோர்வு முதலில் வேர்விடும்.

440-இல் தொடங்கிய இழுவை 600 ஆனது. கடைசி வடிவங்களில் 700 ஆனது. இடையில் அளவு 2.7-இலிருந்து 3 லிட்டராகக் கூடியது, கிராங்கும் மாறியது. ஆனால் எஞ்சின் அதே குட்டைக் குடும்பம். பேரிங் எண்ணிக்கை அதே நான்கு. ஏறத்தாழ 60 சதவீதம் கூடுதல் சுமையை அதே இடநெருக்கடிக்குள் ஏற்றியிருக்கிறார்கள். விற்பனைத் தாளில் ஒவ்வொரு முறையும் பெரிய எண்ணைக் காட்ட வேண்டிய போட்டி அது. ஆடியும் பிஎம்டபிள்யூவும் அதே ஓட்டத்தில்தான் இருந்தன.

உடைந்த எஞ்சின்களைப் பிரிக்கும்போது இரண்டு விதமான சேதம் தெரிகிறது. ஒன்று, தண்டு சோர்ந்து இரண்டாக முறிவது. மற்றொன்று, மெயின் பேரிங் ஷெல் தன் இருக்கையிலிருந்து நழுவிச் சுற்றிவிடுவது. ஷெல்லில் உள்ள ஆயில் துளையும் பிளாக்கில் உள்ள துளையும் நேருக்கு நேர் இருந்தால்தான் ஆயில் உள்ளே வரும். ஷெல் சுற்றியதும் துளை மூடிக்கொள்கிறது. அடுத்த சில நொடிகளில் உலோகம் உலோகத்தோடு உரசி நீலம் பாய்கிறது. எஞ்சின் சீஸ் ஆகிறது, அல்லது தண்டு முறிகிறது. ஓட்டுநருக்கு முன்னறிவிப்பு அநேகமாக இல்லை. ஆயில் அழுத்தத்தைக் காட்டும் மீட்டர் இந்த வண்டிகளில் கிடையாது; சிவப்பு விளக்கு மட்டுமே. அது எரியும்போது காரியம் முடிந்திருக்கும்.

இந்த ஷெல்களில் பிடிப்புக் காது இல்லை, அதனால்தான் சுற்றுகின்றன என்று பட்டறைகளில் உறுதியாகச் சொல்கிறார்கள். இந்தக் குற்றச்சாட்டை நான் பாதிதான் ஏற்கிறேன். ஷெல்லை இறுக்கிப் பிடிப்பது காது அல்ல. ஷெல் தன் குழியைவிடத் துளி பெரிதாக வெட்டப்படுகிறது. பேரிங் தொப்பியை முடுக்கும்போது நசுங்கிச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. காது, பொருத்தும்போது சரியான இடத்தைக் காட்டுவதற்கு. இன்று காதில்லாத ஷெல்லோடு நன்றாக ஓடும் எஞ்சின்கள் ஏராளம். அப்படியானால் இங்கே மட்டும் ஏன் சுற்றுகிறது? ஆயில் படலம் கிழிந்து, ஷெல்லும் தண்டும் ஒன்றையொன்று கவ்வும்போதுதான் அந்தப் பிடி தோற்கிறது. அகலமான பேரிங்காக இருந்தால் அந்தக் கணத்தைப் பொறுத்துக்கொள்ளும். குறுகிய பேரிங் பொறுக்காது. ஆகக் கேள்வி ஆயிலிடம் வந்து நிற்கிறது.

ஆயிலில்தான் என் பெரிய குறை. பிரிட்டனில் 2.7 எஞ்சினுக்கு 15,000 மைலுக்கு ஒருமுறை, பிற்கால 3.0 எஞ்சினுக்கு 16,000 மைல், அதாவது ஏறத்தாழ 26,000 கிலோமீட்டருக்கு அல்லது ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸ் என்று நிர்ணயித்தார்கள். ஏன் இவ்வளவு நீளம்? அங்கே இத்தகைய வண்டிகளைப் பெருமளவில் வாங்குவது நிறுவனங்களும் குத்தகைக்காரர்களும். மூன்றாண்டு ஓட்டச் செலவைக் கூட்டிப் பார்த்து வாங்குகிறார்கள். ஒரு சர்வீஸ் குறைந்தால் கணக்கில் வண்டி மலிவாகத் தெரியும். நான்காம் ஆண்டு வண்டி யார் கையில் இருக்கும் என்பது அந்தக் கணக்கில் இல்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: நீண்ட இடைவெளியே தவறு என்று கூறிவிட முடியாது. நல்ல சிந்தெடிக் ஆயில், நெடுஞ்சாலையில் சீரான ஓட்டம், சுத்தமான டீசல் இருந்தால் ஆயில் தாக்குப்பிடிக்கும். கழிவு ஆயிலும் குறையும். ஆனால் ஊருக்குள் ஓடும் வண்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. புகைக்கரி வடிகட்டி நிறைந்ததும், அதை 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கி எரிக்க எஞ்சின் கூடுதல் டீசலைப் பாய்ச்சுகிறது. எரியாத டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாகக் கீழே வழிந்து ஆயிலில் கலக்கிறது. பள்ளிக்கூடம், கடை என்று பத்து நிமிடத்தில் அணைக்கப்படும் வண்டியில் அந்த எரிப்பு பாதியிலேயே நின்று மறுபடி மறுபடி தொடங்கும். ஆயிலின் அளவு கூடிக்கொண்டே போகும், அதன் கெட்டித்தன்மை குறைந்துகொண்டே போகும். ஏறத்தாழ 6 லிட்டர் ஆயிலை நம்பித்தான் அந்தக் குறுகிய பேரிங்குகள் இருக்கின்றன.

இந்தியாவில் இன்னொரு சுமையும் சேர்ந்தது. 2017 ஏப்ரலுக்கு முன் நாட்டின் பல பகுதிகளில் பிஎஸ்-3 டீசலே கிடைத்தது. அதில் பத்து லட்சத்துக்கு 350 பங்கு வரை கந்தகம் இருக்கலாம். ஐரோப்பாவில் அப்போது வரம்பு 10. கந்தகம் எரிந்து அமிலமாகி ஆயிலின் காரத்தன்மையைத் தின்றுவிடும். தூசும் வெயிலும் உள்ள நாடுகளுக்கு இடைவெளியைக் குறைப்பது பல நிறுவனங்களின் வழக்கம். டொயோட்டா, ஆஸ்திரேலியாவில் லேண்ட் க்ரூஸர் 200-இன் வி8 டீசலுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது 6 மாதம் என்று வைத்தது. அந்த எஞ்சினின் பேரிங்குகளுக்கு இடநெருக்கடி இல்லை. இருந்தும் அப்படி வைத்தார்கள். அங்கே தெரியும் எச்சரிக்கை லேண்ட் ரோவரின் அட்டவணையில் இல்லை.

மற்ற பழுதுகள் ஒப்பீட்டில் சிறியவை. தொடக்ககால 2.7-இல் ஆயில் பம்ப்பின் உடலில், டைமிங் பெல்ட் டென்ஷனர் பொருந்தும் இடம் விரிசல் விட்டது. பின்னால் வந்த பம்ப்பில் அதைத் திருத்தினார்கள். இஜிஆர் வால்வு அடைக்கும், டர்போவின் கை சிக்கும், குளிர்நீரின் பிளாஸ்டிக் குழாய் கசியும். இவை செலவு வைக்கும், ஆனால் எஞ்சினைக் கொல்லாது.

பழுது பார்க்கும் முறைதான் வேதனை. டிஸ்கவரி 3, 4 இரண்டும் சேசிமேல் தனி பாடி உட்கார்ந்த வண்டிகள். எஞ்சின் அறை அவ்வளவு நெருக்கம் என்பதால் டர்போவை மாற்றுவதற்கே பாடியை முழுதாகத் தூக்கிவிடுகிறார்கள், தேர்ந்த பட்டறைகள். இரண்டு கம்ப லிஃப்டில் பாடி தொங்க, கீழே சக்கரங்களோடு சேசி தனியாக நிற்கும். அப்போது எல்லாப் போல்ட்டும் கைக்கு எட்டும், வேலை சுத்தமாக நடக்கும். ஆனால் கூலி? கிராங்க் போன பழைய வண்டியில் மாற்று எஞ்சினும் கூலியும் சேர்ந்தால் வண்டியின் விலையைத் தாண்டிவிடுகிறது. தோலிருக்கையும் கியர்பாக்ஸும் நன்றாக இருக்கும் வண்டி, ஒரு தண்டுக்காக உடைப்புக் கடைக்குப் போகிறது. இதை வடிவமைப்பின் குறையாகவே எண்ணுகிறேன்.

எல்லா வி6-உம் உடைவதில்லை என்பதை மறக்கக் கூடாது. பட்டறைக்கு வருவது பழுதானவை மட்டுமே. மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடியவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இருந்தாலும் பக்கத்து வீட்டு உதாரணமே போதும். அதே குடும்பத்தின் 4.4 லிட்டர் வி8 டீசல் 700 நியூட்டன் மீட்டருக்கு மேல் தருகிறது. 90 டிகிரி வி8-இல் எதிரெதிர் சிலிண்டர்கள் ஒரே பின்னைப் பகிரலாம். ஐந்து மெயின் பேரிங்குகள். கிராங்க் முறிவு அதன் அடையாளப் பழுதாக ஆகவில்லை. 2002 ரேஞ்ச் ரோவரில் இருந்த பிஎம்டபிள்யூவின் நேர்வரிசை ஆறு சிலிண்டர் டீசலுக்கு ஏழு பேரிங்குகள். அதன் கீழ்ப்பாதி உறுதிக்குப் பேர்போனது.

பழைய வண்டி வாங்குகிறவர் சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. முத்திரைகளுக்கு இடையே எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்க வேண்டும். 10,000 முதல் 12,000-க்குள் ஆயில் மாற்றியவர் கையிலிருந்து வந்த வண்டியை நம்பலாம். வாங்கும் முன் ஆயில் ஃபில்டரைக் கழற்றி, காகித மடிப்புகளை வெட்டி விரித்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். கரி கறுப்பாகப் படிந்திருப்பது இயல்பு. மடிப்பின் அடியில் வெள்ளித் தூளோ செம்பு நிறச் செதிலோ மின்னினால், பேரிங் கரையத் தொடங்கிவிட்டது. விலை எவ்வளவு குறைத்தாலும் அந்த வண்டி வேண்டாம்.

டாடா 2008-இல் ஜாகுவார் லேண்ட் ரோவரை வாங்கிய பிறகும் இந்த எஞ்சின் ஃபோர்டிடமிருந்தே வந்தது. வெளியிலிருந்து வாங்கும் எஞ்சினின் கிராங்கைத் திருத்துவது கடினம் என்பதை ஏற்கலாம். ஆயில் அட்டவணை அப்படியில்லை. அதைத் தன் சர்வீஸ் புத்தகத்தில் நிறுவனமே பாதியாக்கியிருக்கலாம். 2020-இல் வந்த சொந்த இன்ஜீனியம் டீசல் நேர்வரிசை ஆறுக்குத் திரும்பியது, ஏழு பேரிங்குகளோடு. கிராங்குக்கு வேண்டிய இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அதே இன்ஜீனியம் குடும்பத்தின் நான்கு சிலிண்டர் டீசலுக்குப் பிரிட்டனில் முதலில் அறிவித்த இடைவெளி 21,000 மைல் அல்லது இரண்டு ஆண்டு. அந்த எஞ்சின்களிலும் ஆயிலில் டீசல் கலக்கும் புகார்கள் எழுந்தன.